தீக்காப்பீட்டுக்குள் புகுந்த நீர்: இந்திய வீட்டுக் காப்பீட்டின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, புனேயில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் மொட்டைமாடித் தொட்டியில் மிதவை வால்வு பழுதடைந்தது. விடியும்வரை நீர் நிரம்பி வழிந்தது. எங்கள் வீடு கடைசி மாடியில் இருக்கிறது. காலையில் எழுந்தபோது படிப்பறையின் கூரைப்பூச்சு ஒரு பாய் அளவுக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. மர அலமாரியின் கதவுகள் ஊதிப்போயிருந்தன. அதன் கீழ்த்தட்டில் ஏழாண்டுகளாக ஆவணக் காப்பகங்களில் அமர்ந்து கையால் எழுதி எடுத்த குறிப்பேடுகள் இருந்தன. பல பக்கங்களில் மை கரைந்து நீலக் கறை மட்டுமே எஞ்சியது.

வீட்டுக் கடனோடு சேர்த்து எடுக்கப்பட்ட காப்பீடு ஒன்று இருப்பது அன்றுதான் நினைவுக்கு வந்தது. இழப்பீடு கோரினோம். வந்த சர்வேயர் பண்பானவர். ஆனால் என்ன நனைந்தது என்று அவர் முதலில் கேட்கவில்லை. "தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஒரே இரவிலா, பல மாதமாகக் கசிந்து வந்ததா?" என்பதே அவருடைய முதற்கேள்வி. அவர் கொண்டுவந்திருந்த படிவத்தின் தலைப்பில் 'தீக்காப்பீட்டுப் பிரிவு' என்றிருந்தது.

நீரால் கெட்ட வீட்டுக்கு ஏன் தீக்காப்பீட்டுப் பிரிவு? கெட்ட பொருளைக் காணுமுன் நீர் வந்த வழியை ஏன் ஆராய வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியபோது கண்டவற்றையே இங்கே பகிர்கிறேன்.

1. நெருப்பில் பிறந்த பத்திரம்

வீட்டுக் காப்பீட்டின் தொடக்கத்தை 1666-ஆம் ஆண்டின் இலண்டன் பெருந்தீயோடு இணைத்துப் பேசுவது வழக்கம். அத்தீயில் 13,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் நிக்கோலஸ் பார்பன் என்பவர் வீடுகளுக்குத் தீக்காப்பீடு வழங்கும் அலுவலகத்தை அங்கே தொடங்கினார். பின்வந்த நிறுவனங்கள் தமக்கென்று தீயணைப்புப் படைகளையே வைத்திருந்தன. காப்பீடு பெற்ற வீட்டின் சுவரில் நிறுவனத்தின் முத்திரைத் தகடு பதிக்கப்பட்டது.

தீயணைப்பவர் இறைத்த நீரால் அறைகலன் கெட்டால் அதுவும் தீயால் வந்த இழப்பாகவே கொள்ளப்பட்டது. இழப்புக்கு மூலமாக நின்ற காரணம் எதுவோ அதுவே கணக்கில் கொள்ளப்படும் என்னும் கோட்பாடு அதன் அடிப்படை. காப்பீட்டுக்குள் நீர் முதன்முதலில் நுழைந்தது இவ்வாறு, நெருப்பின் துணையாகத்தான். தனித்து வந்த நீருக்கு அங்கே இடமில்லை.

இந்தப் பத்திரமே கடல் கடந்து இந்தியா வந்தது. 1850-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட டிரைட்டன் நிறுவனமே இந்நாட்டின் முதல் பொதுக்காப்பீட்டு நிறுவனம் என்பர். அக்காலத்தில் காப்பீடு பெற்றவை வணிக நிறுவனங்களின் சரக்குகள், கிடங்குகள், ஆலைகள். சணலும் பஞ்சும் எளிதில் பற்றிக்கொள்பவை. ஆகவே தீயே வணிகரின் அச்சமாக இருந்தது. 1907-இல் பம்பாயில் இந்தியன் மெர்கண்டைல் நிறுவனமும், 1919-இல் சர் தோராப்ஜி டாடா நிறுவிய நியூ இந்தியா நிறுவனமும் தோன்றின. முதலீடு இந்தியருடையதாயிற்று, பத்திரத்தின் சொற்களோ இலண்டனிலிருந்து வந்தவையாகவே நீடித்தன. வெள்ளம், புயல் போன்றவை தனிக் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டிய மேலதிக இடர்களாகவே இருந்தன. ஓராண்டின் நான்கு மாதம் மழையோடு வாழும் நாட்டில், மழைநீர் ஒரு 'மேலதிக' இடராக எண்ணப்பட்டதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2. அரசின் பொறுப்பாயிருந்த நீர்

அப்படியானால் வெள்ளத்தில் வீடிழந்த இந்தியர் யாரிடம் சென்றனர்? அரசிடம்தான்.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகி ஐதராபாத்தை மூழ்கடித்தது. சுமார் 15,000 பேர் மாண்டதாகக் கூறுவர். நிஜாம் அரசு விசுவேசுவரய்யாவை அழைத்தது. அவருடைய திட்டத்தின் பயனாக 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. நீரால் வந்த இழப்புக்கு அன்றைய விடை அணை, நீர்த்தேக்கம், நகர மேம்பாடு என்பனவாக இருந்தது.

1961 ஜூலை 12 அன்று, கட்டுமானம் முழுமை பெறாத பான்ஷேத் அணை உடைந்தது. அந்நீரைத் தாங்காமல் கீழேயிருந்த கடக்வாஸ்லா அணையும் உடைய, முட்டா ஆறு புனேயின் பழைய பேட்டைகளுக்குள் புகுந்தது. வீடிழந்தோருக்கென அரசு அமைத்த குடியிருப்புகளைப் புனேவாசிகள் இன்றும் 'பூர்கிரஸ்த' வசாகத், அதாவது வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோர் குடியிருப்பு, என்று குறிப்பிடுவதுண்டு. கோகலே நகரும் லோகமான்ய நகரும் இவ்வகையில் வளர்ந்தவையே.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு முதிய ஆஜி இருக்கிறார். 1961-இல் சிறுமியாக அந்த வெள்ளத்தைக் கண்டவர். எங்கள் வீட்டுக்குச் சர்வேயர் வந்து சென்றபின் அவர் சொன்னது என் குறிப்பேட்டில் இருக்கிறது. அன்று வந்த அரசு ஊழியர்கள் வீட்டில் எத்தனை பேர், எவை போயின என்று கேட்டுப் பஞ்சநாமா எழுதினார்களாம். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையாம். ஊரே அறிந்த ஒன்றை ஏன் கேட்க வேண்டும் என்றார்.

பஞ்சநாமாவுக்கும் சர்வேயர் அறிக்கைக்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகிறது. நிவாரணம், என்ன போயிற்று என்று கேட்கிறது. காப்பீடு, எவ்வாறு போயிற்று என்று கேட்கிறது. முன்னது அரசின் கடமையுணர்வைச் சார்ந்தது. அதன் அளவை அரசே முடிவுசெய்யும். பின்னது ஒப்பந்தத்தால் வரும் உரிமை. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட காரணத்தால் இழப்பு நேர்ந்தால் மட்டுமே அவ்வுரிமை உயிர்பெறும். பல தலைமுறைகளாக நிவாரணத்தின் மொழியில் பழகிய நாம், காப்பீட்டின் முன்னும் அதே மொழியில் பேசுகிறோம். 'எல்லாம் நனைந்துவிட்டது' என்று எழுதுகிறோம். எழுத வேண்டியதோ 'இன்ன நாளில், இன்ன தொட்டி நிரம்பி வழிந்தது' என்பது.

3. ஒரு சொல்லின் விலை

காரணத்தைக் குறிக்கும் சொல் எவ்வளவு விலை உடையது என்பதை 1944-இல் பம்பாய் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 14 அன்று விக்டோரியா துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தது. அதில் பஞ்சு மூட்டைகளும் வெடிமருந்தும் தங்கக் கட்டிகளும் ஏற்றப்பட்டிருந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அருகிலிருந்த கிடங்குகளும் குடியிருப்புகளும் எரிந்தன.

மக்களிடம் தீக்காப்பீடு இருந்தது. ஆனால் வழக்கமான தீக்காப்பீடு வெடிப்பால் வரும் இழப்பை விலக்கியிருந்தது. எரிந்த கட்டடம் தீயால் எரிந்ததா, வெடிப்பால் எரிந்ததா? நகரமே சாம்பலில் நிற்க, வினா இதுவாயிற்று. நீதிமன்றங்கள் வழியே தீர்த்தால் காலம் கடந்துவிடும் என்பதால், அதே ஆண்டில் அரசு பம்பாய் வெடிப்பு இழப்பீட்டு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்து இழப்பீட்டுப் பொறுப்பைத் தன்மேல் ஏற்றது. காப்பீட்டின் சொற்கள் கைவிட்ட இடத்தில் அரசு குறுக்கிட வேண்டியிருந்தது. சர்வேயர் என்னிடம் கேட்ட கேள்விக்கும் அன்று பம்பாயில் எழுந்த வினாவுக்கும் உறவு உண்டு என்றே கருதுகிறேன்.

4. சர்வேயரும் சட்டமும்

1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் இத்துறைக்கான பெருஞ்சட்டம். அதில் 1968-இல் செய்யப்பட்ட திருத்தம் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. காப்பீட்டுக் கட்டணங்களையும் பத்திரச் சொற்களையும் வகுக்கக் கட்டண ஆலோசனைக் குழு அமைந்தது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள பொதுக்காப்பீட்டு இழப்பைத் தீர்க்க, உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கை கட்டாயமாயிற்று. நிறுவனத்தின் ஊழியராக அல்லாமல் தனித்த தொழில்வல்லுநராக இருப்பவர் இழப்பை அளவிட வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

1973 ஜனவரி 1 முதல் பொதுக்காப்பீடு நாட்டுடைமையாயிற்று. 107 நிறுவனங்கள் நான்காகத் தொகுக்கப்பட்டுக் கல்கத்தா, பம்பாய், தில்லி, சென்னை ஆகிய நகரங்களில் தலைமையகம் கொண்டன. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் ஒழுங்குமுறை ஆணையமும் தனியார் நிறுவனங்களும் வந்தன.

2001-இன் அகில இந்தியத் தீக்கட்டண விதிகளின் கீழ் வழங்கிய பத்திரத்தின் பெயர் 'நிலையான தீ மற்றும் சிறப்பு இடர்கள் பத்திரம்'. பெயரில் தீ முன்னின்றது. ஆனால் உள்ளே புயல், வெள்ளம், நீர்சூழ்தல் ஆகியன ஒரு தொகுதியாக இடம்பெற்றன. நீர்த்தொட்டியோ குழாயோ வெடிப்பதும் நிரம்பி வழிவதும் தனி இடராகக் குறிக்கப்பட்டது. கட்டணத்தைக் குறைக்க விரும்புவோர் புயல்-வெள்ளத் தொகுதியை நீக்கிக்கொள்ளவும் வழியிருந்தது. நம் சர்வேயரின் படிவத்தில் நின்ற 'தீ' என்னும் சொல்லின் வரலாறு இதுவே.

இந்தப் பத்திரத்தில் மற்றொரு பொறியும் இருந்தது: குறைமதிப்புக் காப்பீடு. 40 லட்சம் பெறும் கட்டடத்தை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 2 லட்சம் இழப்புக்கு 1 லட்சமே கிடைக்கும். பாதி இடரை உரிமையாளர் தாமே ஏற்றதாகக் கொள்வர். கணக்குப்பிள்ளை வைத்திருக்கும் ஆலைக்கு இது பொருந்தும். தன் வீட்டை மீண்டும் கட்ட என்ன செலவாகும் என்று ஒருபோதும் கணக்கிடாத குடும்பத்துக்கு இது தண்டனையாகவே அமைந்தது. கிடங்குக்காகத் தைத்த சட்டையை வீடு அணிந்திருந்தது.

5. எது வெள்ளம்?

2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதே நாளில் அதே நகரின் தென்முனையான கொலாபாவில் பெய்தது சுமார் 74 மில்லிமீட்டர். மித்தி ஆறு கரைகடந்த இடங்கள் இருந்தன. ஆறே இல்லாத தெருக்களில் வடிகால் போதாமல் மழைநீர் தேங்கிய இடங்களும் இருந்தன. மறு ஆண்டு உகாய் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் சூரத் நகரின் பெரும்பகுதி மூழ்கியது. நகர வெள்ளம் என்பது ஆற்றைச் சார்ந்த ஒன்றாக மட்டும் இல்லை என்பதை இந்நிகழ்வுகள் காட்டின.

ஆனால் பத்திரத்தில் இருக்கும் 'வெள்ளம்' என்னும் சொல் ஆறோ ஏரியோ கரை உடைப்பதை மட்டும் குறிக்குமா? பெருமழை நீர் தேங்கினால் அது வெள்ளமா, வெறும் மழையா? இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பெருமழையால் ஒரு சிமெண்ட் ஆலையின் நிலக்கரி நாசமானபோது, அது மழையால் வந்த இழப்பேயன்றி வெள்ளத்தால் வந்ததன்று எனக் காப்பீட்டு நிறுவனம் மறுத்திருந்தது. 2020 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு அவ்வாதத்தை ஏற்கவில்லை. வெள்ளத்தோடு நீர்சூழ்தல் என்ற சொல்லும் சேர்ந்து நிற்பதால், பெருமழையால் நிலத்தில் நீர் திரண்டு நிற்பதும் அதனுள் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். வழக்காடியது ஆலை, எனினும் தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் பயன் உண்டு.

இதற்கு முன்பே 2009-இல், சர்வேயர் அறிக்கை முக்கியமான ஆவணம் என்றாலும் மறுக்கவியலாத இறுதிச் சொல் அன்று எனவும் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், சொல்லின் பொருளும் அளவீட்டின் முடிவும் நிறுவனத்தின் தனியுரிமை அல்ல என்பது விளங்கும்.

6. வீட்டுக்கென ஒரு பத்திரம்

2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவடிவப் பத்திரத்தை நிறுவனங்கள் வழங்க வேண்டும் என ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. இதில் குறைமதிப்புக் கழிவு இல்லை. கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அத்தொகையில் 20 விழுக்காடு வரை, 10 லட்சம் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே காப்பு உண்டு. வெள்ளமும் தொட்டி வழிதலும் பட்டியலில் உள்ளன. 2024 ஜூனில் வந்த சுற்றறிக்கையோ கால எல்லைகளைச் சுருக்கியது: கோரிக்கை வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமனம், 15 நாளில் அறிக்கை, அதன்பின் 7 நாளில் முடிவு.

பட்டியல் விரிந்தாலும் அது பட்டியலே. அதில் உள்ள இடர்களுக்கு மட்டுமே காப்பு. வெளிச்சுவர் விரிசல் வழியே ஆண்டாண்டாக ஊறும் ஈரம் அப்பட்டியலில் இல்லை. அது பராமரிப்புக் குறையாகவே பார்க்கப்படுகிறது. ஒரே இரவா, பல மாதமா என்று சர்வேயர் கேட்டது இதனாலேயே.

எங்கள் கோரிக்கைக்கு முதலில் வந்த மறுமொழி, கூரைச் சேதம் நாள்பட்ட கசிவால் நேர்ந்தது என்பது. கூரையின் ஒரு மூலையில் பழைய கறை ஒன்று இருந்தது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தொட்டி வழிந்ததை விடியற்காலையில் கண்டு காவலாளி பதிவேட்டில் எழுதியிருந்தார். வால்வை மாற்றிய குழாய்ப் பணியாளரின் ரசீதில் தேதி இருந்தது. குடியிருப்புச் சங்கம் மராத்தியில் ஒரு கடிதம் தந்தது. அலமாரியைத் தொடுமுன் எடுத்த படங்களும் இருந்தன. இவற்றோடு மீண்டும் எழுதினேன். பழைய கறை இருந்த மூலையைக் கழித்து, பூச்சுக்கும் அலமாரிக்கும் நூல்களுக்கும் தொகை வந்தது. நியாயமான கணக்கு என்றே எண்ணுகிறேன்.

குறிப்பேடுகளுக்கு ஒன்றும் வரவில்லை. பத்திரத்தின் விலக்குப் பட்டியலில், தங்கப் பாளங்கள், பதிக்கப்படாத மணிக்கற்கள், பங்குப் பத்திரங்கள் ஆகியவற்றோடு கையெழுத்துப் பிரதிகளும் இடம்பெற்றுள்ளன. தனியாகக் குறிப்பிட்டுச் சேர்த்தாலன்றி அவற்றுக்குக் காப்பில்லை. ஏழாண்டு உழைப்பை மணிக்கற்களின் வரிசையில் வைத்த அப்பட்டியலை நான் பலமுறை படித்துவிட்டேன். அதில் கோபம் கொள்ள ஏதுமில்லை. விலை சொல்ல முடியாததை ஒப்பந்தம் ஏற்பதில்லை. காப்பகங்களில் குறிப்பெடுக்கும் இளைய ஆய்வாளர்கள் அன்றன்றே படமெடுத்து வேறோரிடத்தில் சேமித்து வையுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஏனையோருக்கும் சில சொற்கள். நீர் புகுந்தால் முதலில் அதன் வரவை நிறுத்துங்கள்; பொருள்களை அகற்றுமுன் படமெடுங்கள்; அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சர்வேயர் காணும்வரை கெட்டவற்றை எறிய வேண்டாம். கடிதத்தின் முதல் வரியில் நீர் வந்த வழியையும் நாளையும் எழுதுங்கள். இழந்தவற்றின் பட்டியல் அதன்பின் வரட்டும். மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீராவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான பிணக்குகளை அவர் விசாரிக்கலாம். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் செல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் பாட்டனாரோ தந்தையாரோ எடுத்த பழைய தீக்காப்பீட்டுப் பத்திரம் ஏதேனும் இருந்தால், பெயர், முகவரியை மறைத்து அதன் நிபந்தனைப் பக்கத்தின் படத்தை எனக்கு அனுப்ப வேண்டுகிறேன். 'வெள்ளம்' என்னும் சொல் எந்த ஆண்டில், எந்த வரியில், எத்தகைய கட்டணத்தோடு நம் வீடுகளின் பத்திரங்களுக்குள் வந்தது என்பதைத் தொகுக்க எண்ணியுள்ளேன். என் குறிப்பேடுகளில் அழிந்த பகுதியும் அதுவே.